மீன் குழம்பின் மேல் விழுந்த பழி

1. கம்ப்யூட்டருக்கு டியூஷன்

முதல் நாள் அந்த மெஷினை எப்படியாவது தோற்கடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதுதான் வேலையே. செயற்கை நுண்ணறிவு மாடலிடம் கெமிஸ்ட்ரியில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது தப்பாகப் பதில் சொல்ல வேண்டும். எங்கே தப்பு, எது சரி, எதற்கு எவ்வளவு மார்க் என்று நாம் ஒரு மதிப்பெண் திட்டம் எழுத வேண்டும். அதற்கு ரூப்ரிக் என்று பெயர். பிறகு ரிவ்யூவர் என்று ஒருவர், ஊர் பேர் தெரியாத இன்னொரு கெமிஸ்ட்ரிக்காரர், எல்லாவற்றையும் சரிபார்ப்பார். அவர் ஏற்றுக்கொண்டால் அது மாடலுக்குப் பாடமாகப் போகும். அடிக்கடி திருப்பி அனுப்பினால் நம்மை ப்ராஜெக்டை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

நான் கோபால்ட் காம்ப்ளெக்ஸ்கள் என்ற உலோகச் சேர்மங்களில் டாக்டர் பட்டம் வாங்கியவள். கௌரவ விரிவுரையாளராக இருந்த காலத்தில் பாதி வகுப்பைக் கவிழ்த்த கேள்வி ஒன்று கைவசம் இருந்தது. அதைத் தட்டிவிட்டுக் காபி டம்ளரை எடுத்தேன். வாயில் வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சரியான பதில். போதாக்குறைக்கு, ‘மிக நல்ல கேள்வி’ என்று எனக்கே ஒரு பாராட்டு. எனக்கு வந்த கோபத்தில் காபி ஆறிப்போனது.

நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். அந்தோணியார் கோயில் தெருவில் அண்ணன் சவரிமுத்து வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி என் வீடு. எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டுப் பிழைத்தவர்கள். அண்ணன் சொந்தமாகக் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமுமாக இப்போது விவசாயி. ‘இவ்வளவு படித்த பெண் காலேஜுக்கும் போகாமல் ரூமைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறதே’ என்று தெருவில் கவலைப்பட்டார்கள். அண்ணி லில்லிதான் எல்லாருக்கும் விளக்கம் கொடுத்தார்.

“ஒண்ணும் பயப்படாதீங்க. அமலா கம்ப்யூட்டருக்கு டியூஷன் எடுக்குறா. மக்குப் புள்ள போலருக்கு, விடிஞ்சதுலேர்ந்து கத்திக்கிட்டே கெடக்குறா.”

மக்குப் பிள்ளையாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. அது புத்தகத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளை. கொஞ்ச நாளில் அதன் பலவீனம் பிடிபட்டது. தெரியாது என்று சொல்ல அதற்கு வாய் வராது. தப்பைக்கூட மரியாதையாக, பத்தி பிரித்து, தலைப்புப் போட்டுச் சொல்லும். நாங்கள் நிபுணர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் கேள்வியை விட இன்னொருவர் கேள்வி சிக்கலாக இருக்க வேண்டும் என்று போட்டி. ஒரே அணுக்கள் வேறு மாதிரி அடுக்கப்பட்ட ஐசோமரைத் திருப்பிப் போட்டு, கண்ணாடியில் காட்டி, அதற்கு மேல் ஒரு கணக்கையும் ஏற்றி எழுதுவோம். உலகத்தில் யாருமே கேட்காத கேள்விகள். மாடல் தோற்றால் சந்தோஷம். நானும் அதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தேன்.

2. ஈரப்பதம்

தை மாதம் அறுவடை. எங்கள் பக்கத்தில் அப்போது யாரையும் எதையும் கேட்கக் கூடாது. பேச்சு எல்லாம் அறுப்பு மெஷின் எப்போது வரும், மழை எப்போது விடும் என்பதுதான். அந்த வருஷம் அறுத்த நெல் களத்தில் கிடக்கும்போது பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் நெல்லை மீட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, “ஈரம் ஜாஸ்தியா இருக்கு, காய வச்சுக் கொண்டாங்க” என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஈர நெல்லை வாங்கினால் குடோனில் முளைத்துவிடும். ஆனால் வானம் மூடிக் கிடக்கும்போது எங்கே காய வைப்பது?

அண்ணன் ஒரு பங்கை அங்கேயே குவித்து மூடிவிட்டு, சாப்பாட்டு நெல்லையும் விதை நெல்லையும் மூட்டை பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் அடுக்கினார். இதில் புதுமை ஒன்றும் இல்லை. அறுவடை முடிந்தால் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கூடம் கிடையாது, மூட்டைகள்தான். மூட்டைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்போம். பிள்ளைகள் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்.

முந்தின வருஷம் வண்டு விழுந்து விதை நெல் பாழாய்ப்போன வயிற்றெரிச்சல் அண்ணனுக்கு. இந்தத் தடவை வண்டு வருவதற்கு முன்பே முந்திக்கொண்டார். கடையில் குடோனுக்கு வைக்கிற மாத்திரை வாங்கிவந்தார். லைசென்ஸ் உள்ளவர்கள் மட்டுமே வாங்கிக் கையாள வேண்டிய மருந்து அது. எங்கள் பக்கத்தில் கேட்டால் உதிரியாகக் கிடைக்கும். மாத்திரைகளைத் துணியில் முடிந்து மூட்டை இடுக்குகளில் சொருகி, மேலே படுதாவைப் போட்டு மூடிவிட்டு, கொள்முதல் நிலையத்தில் கிடக்கும் நெல்லுக்குக் காவலாகப் படுக்கக் கிளம்பிப் போய்விட்டார். அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை. இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரியும்.

3. மீன் வாசனை

மறுநாள் காலையில் தூறல். லாப்டாப்பைத் திறந்து உட்கார்ந்த நேரம் அண்ணியிடமிருந்து போன்.

“அமலா, பெனிட்டாவுக்கு விடியக்காலையிலேர்ந்து வாந்தி. எனக்கும் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நேத்து வச்ச மீன் குழம்பு ஒத்துக்கல போலருக்கு. போன்ல அந்த ஏஐகிட்ட கேட்டுப் பாத்தேன், அதுவும் அதத்தான் சொல்லுது. உன்கிட்ட ஓஆர்எஸ் பொட்டலம் இருந்தா எடுத்துட்டு வாயேன்.”

பெனிட்டா அண்ணன் மகள், நாலாம் வகுப்பு. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். பாதித் தெரு போனதும் ஒன்று உறைத்தது. அதே கெளுத்தி மீன் குழம்பை அண்ணி எனக்கும் தூக்கில் ஊற்றிக் கொடுத்திருந்தார். நான் ராத்திரியும் சாப்பிட்டு, மிச்சத்தைக் காலையில் பழைய சோற்றுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை.

வாசல்படியில் கால் வைத்ததும் வாடை அடித்தது. கெட்டுப்போன மீனும் பூண்டும் கலந்த மாதிரி. சாரல் அடிக்கிறது என்று ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பெனிட்டா மூட்டைகளை ஒட்டிப் போட்ட பாயில் சுருண்டு கிடந்தாள். அந்த வாடையை நான் லேபில் ஒரே ஒருமுறை அறிந்திருக்கிறேன்.

“அண்ணி, அண்ணன் மூட்டையில ஏதாவது வச்சாங்களா?”

“எனக்கென்ன தெரியும்? சாயங்காலம் ஏதோ துணியில முடிஞ்சு சொருகிக்கிட்டு இருந்தாரு. வேப்பிலையா இருக்கும்னு நெனச்சேன்.”

“எந்திரிங்க. மொதல்ல வெளியில வாங்க.”

“மழையில எங்கடி வரச் சொல்ற? புள்ளைக்குக் குளிரும்.”

“வாங்கன்னா வாங்க அண்ணி!”

பெனிட்டாவை வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். பிள்ளை மூட்டை ஓரமாக வாந்தி எடுத்திருந்தது. கழுவிவிட்டு வரலாம் என்று. சுத்தக்காரி. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார்.

“தண்ணிய ஊத்தாதீங்க! போட்டுட்டு வாங்க!”

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற விஷவாயுவாக மாறும். வண்டைக் கொல்வது அந்த வாயுதான். வண்டோடு நிற்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. காற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும். இங்கேயோ மீட்டரில் வைத்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பிய ஈர நெல், வெளியே மழை, சாத்திய ஜன்னல். அதற்கு மேல் ஒரு வாளித் தண்ணீரும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

எதிர்வீட்டுக்காரரின் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் என்ன மாத்திரை என்று பெயரோடு சொன்னதும் டாக்டர் வேறு எதுவும் கேட்டு நேரம் கடத்தவில்லை. பெனிட்டாவுக்கு ஆக்சிஜன் மாஸ்க் போட்டு, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். அண்ணியையும் படுக்க வைத்தார்கள். “இதுக்கு மாத்து மருந்து கிடையாதும்மா. சீக்கிரம் வெளியில கொண்டாந்ததுதான் மருந்து. பாப்போம்” என்றார் டாக்டர்.

அண்ணன் கொள்முதல் நிலையத்திலிருந்து நனைந்த கைலியோடு ஓடிவந்தார்.

“எல்லாரும் வைக்கிறதுதான அமலா? குடோன்ல வைக்கலையா?”

“குடோன்ல புள்ளையத் தூங்க வைக்கிறாங்களாண்ணே?”

கேட்டிருக்க வேண்டாம். அப்படியே சுவரோரம் குந்தி, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் அழுது நான் பார்த்தது அப்போதுதான். எனக்கும் அடக்க முடியவில்லை.

பெனிட்டாவின் நாடித்துடிப்பு நிதானத்துக்கு வந்து, “வீட்டுக்குப் போலாமா அத்தை?” என்று அவள் கேட்கும்வரை நான் லாப்டாப் பக்கம் போகவில்லை. வீட்டைத் திறந்து போட்டு, யாரையும் உள்ளே விடாமல், கிடங்குகளுக்கு மருந்து வைக்கும் லைசென்ஸ்காரர் ஒருவரை வரவழைத்து, அவர் மாஸ்க் போட்டு மாத்திரைகளை எடுத்த பிறகுதான் எல்லாரும் உள்ளே போனோம்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அண்ணியின் போனை வாங்கி, அவர் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் படித்தேன். ‘குழந்தைக்கு வாந்தி, எனக்குத் தலைவலி, நேற்று மீன் குழம்பு சாப்பிட்டோம், வீட்டில் மீன் வாசனை அடிக்கிறது, என்ன செய்வது’ என்று எழுதியிருந்தார். பதில் பத்தி பிரித்து, தலைப்புப் போட்டு வந்திருந்தது. கெட்டுப்போன மீனால் வந்த உணவு நச்சு. ஓஆர்எஸ் கொடுங்கள். ஓய்வெடுக்கட்டும். கதகதப்பாக வைத்திருங்கள். ஒவ்வொரு வரியும் நல்ல வரி. அந்த வீட்டுக்கு மட்டும் பொருந்தாத வரி. நான் மாதக்கணக்கில் கண்ணாடி பிம்பமும் கோபால்ட்டும் கேட்டுக் கவிழ்த்துக்கொண்டிருந்த பிள்ளையோ அதன் கூடப்பிறந்ததோ, என் அண்ணியிடம் தோற்றிருந்தது.

4. வீடா, குடோனா

அண்ணி எழுதியதையே கேள்வியாக்கி டாஸ்க் அனுப்பினேன். சரியான விடை: பாஸ்பீன். ரிவ்யூவர் திருப்பி அனுப்பினார். நடைமுறையில் இல்லாத சூழ்நிலை என்று குறிப்பு. திருத்தி அனுப்பினேன். மறுபடியும் திரும்பிவந்தது. மூன்றாவது முறையும் திரும்பியதும் எங்கள் டீம் லீட் கார்த்திக் வீடியோ காலில் வந்தார். சென்னைப் பையன், தங்கமானவர். என் கடைசி பேட்ச் மாணவர்களை விட வயதில் சின்னவர்.

“மேம், உங்க ஸ்கோர் இறங்கிட்டே இருக்கு. இன்னொரு ரிஜெக்ட் வந்தா சிஸ்டமே உங்களை எடுத்துரும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பேசாம இதை விட்டுட்டு உங்க கோபால்ட்டுக்கே போயிடுங்களேன்.”

“ரிவ்யூவர் என்னதான் சொல்றாங்க தம்பி?”

“ரெண்டு விஷயம் மேம். வீட்டுக்குள்ள யாரும் அந்த மாத்திரை வைக்க மாட்டாங்க, அது குடோன்ல பண்றது. ரெண்டாவது, கேள்வியில மாத்திரைன்னே நீங்க சொல்லல. சொல்லாததை மாடல் எப்படிக் கண்டுபிடிக்கும்? அதுக்கென்ன ஜோசியமா தெரியும்?”

“மாத்திரைன்னு சொல்லத் தெரிஞ்சவங்க எதுக்குத் தம்பி கேள்வி கேக்கப் போறாங்க? கதவைத் திறந்து விட்டுட்டு வெளியில வந்திருப்பாங்களே.”

நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, கேமராவை வெளிப்பக்கம் திருப்பி, தெருவில் இறங்கினேன். முதல் வீட்டில் மூட்டை மேல் டிவி. அடுத்த வீட்டில் மூட்டை மேல் ஸ்கூல் பை, பக்கத்தில் தூளி. மூன்றாவது வீட்டில் மூட்டைகளுக்கு நடுவில் இடம் விட்டு மாதா படம், அதற்கு முன்னால் மெழுகுவத்தி. அந்த வீட்டு ஜெயமேரி அக்காவுக்கு என்னைச் சீண்டாவிட்டால் சாப்பாடு இறங்காது.

“யாருடி போன்ல? மாப்பிள்ளைக்கு வீடு காட்டுறியா? நெல்லு இவ்வளவு இருக்குன்னு சொல்லு, பொண்ணு கேட்டு வருவாங்க.”

கார்த்திக் சிரித்துவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“மேம், இது வீடா, குடோனா?”

“ரெண்டும்தான் தம்பி. இதைத்தான் நான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

முதல் குற்றச்சாட்டு அதோடு தீர்ந்தது. ஆனால் இரண்டாவதில் ரிவ்யூவர் பக்கம் பாதி நியாயம் இருந்தது. அன்று மதியம் சாப்பிடும்போது அது எனக்கே புரிந்தது. வாந்தி, தலைவலி, மீன் வாசனை. இவ்வளவை மட்டும் வைத்து ‘பாஸ்பீன்’ என்று ஒரு மாடல் அடித்துச் சொன்னால், அதுவும் குருட்டாம்போக்குதான். மீன் குழம்பு என்று அடித்துச் சொன்னதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நானே அங்கே நின்று எப்படிக் கண்டுபிடித்தேன்? வாடை ஒரு பாதி. மறுபாதி, அண்ணியிடம் நான் கேட்ட கேள்வி.

ரூப்ரிக்கை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். விடை என்று ஒரு பெயரையே நான் கேட்கவில்லை. வீட்டில் மற்றவர்களுக்கும் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லையா என்று கேட்டால் மார்க். வீட்டுக்குள் புதிதாக என்ன வைத்தீர்கள், என்ன தெளித்தீர்கள், தானியம் இருக்கிறதா என்று கேட்டால் மார்க். பதிலுக்குக் காத்திருக்காமல், முதலில் எல்லாரும் வெளியே காற்றோட்டத்துக்குப் போங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னால் அதிக மார்க். ஒன்றும் கேட்காமல் மீன் குழம்பின் மேல் பழியைப் போட்டால், பத்தி எத்தனை அழகாக இருந்தாலும் பூஜ்யம்.

அனுப்பும் பட்டனை அழுத்தினேன். இதுவும் திரும்பினால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதை விட, இந்தக் கேள்வி அப்படியே குப்பைக்குப் போய், அடுத்த மழையில் இன்னொரு லில்லி போனில் கேட்டு, ‘கதகதப்பாக வைத்திருங்கள்’ என்றே பதில் வாங்குவாளே என்ற பயம்.

ரிவ்யூவர் ஏற்றுக்கொண்டார். வழக்கமாக ‘சரி’ என்று மட்டும் வரும் இடத்தில் இந்த முறை ஒரு குறிப்பும் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: ‘எங்கள் மலை ஊரில் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். தலை வலிக்கிறது என்றுதான் அவர்களும் கேட்பார்கள். விஷவாயு கக்கும் அடுப்பைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். அதை வைத்து நான் ஒரு கேள்வி எழுதட்டுமா?’

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த மனுஷர், நம்மை மாதிரியே ஒரு வீட்டிலிருந்து வந்தவர். கார்த்திக் இதற்கென்றே தனியாக ஒரு தொகுப்பு ஆரம்பித்தார். ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் வீட்டுக் கேள்வியை எழுதினார்கள். கோபால்ட்டுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கிடைத்தது.

5. அண்ணி மறுபடியும் கேட்டார்

சில மாதம் கழித்து, குறுவை நாற்று விட்டிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணி வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் கொல்லைப்புறத்தில் நெல்லுக்கென்று தகரக் கொட்டகை போட்டுவிட்டார். கூடம் மறுபடியும் கூடமாக இருந்தது. விதை நெல்லை நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி அங்கே வைத்திருந்தார். மாத்திரை கிடையாது.

அண்ணி போனை நோண்டிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு எழுதியதைத் தேடி எடுத்தார். “நீ டியூஷன் எடுத்த லட்சணத்தைப் பாப்போம்” என்று சொல்லி, அதே வரிகளை எழுத்து மாறாமல் மறுபடியும் அனுப்பினார். அந்தப் போனில் இருப்பது நான் வேலை பார்த்த மாடல்தானா என்பதே எனக்குத் தெரியாது. எங்களுக்கு அதைச் சொல்ல மாட்டார்கள்.

அண்ணி சத்தம் போட்டுப் படித்தார். ‘முதலில் குழந்தையுடன் எல்லோரும் வெளியே காற்றோட்டமான இடத்துக்குச் செல்லுங்கள். உணவு காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உடல்நிலை கெட்டிருப்பதால் சில விவரங்கள் தேவை. வீட்டுக்குள் தானியம் சேமித்து வைத்திருக்கிறீர்களா? பூச்சிக்கு ஏதேனும் மருந்து வைத்திருக்கிறீர்களா?’

அண்ணி படித்து முடித்தார். போனைத் துடைத்துக் கீழே வைத்தார்.

“இப்பதான்டி அமலா இதுக்கு நம்ம வீடு தெரிஞ்சிருக்கு.”

என் கேள்வியால் வந்த மாற்றம் என்று நான் மார்தட்ட மாட்டேன். ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். மூட்டையில் என் பங்கு ஒரு நெல். ஆனால் அது பதர் இல்லை என்று மட்டும் தெரியும். இந்த வேலைக்கு வரும் கெமிஸ்ட்ரிப் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். மாடலைத் தோற்கடிப்பது சுலபம். கேட்பவருக்குச் சொல்லத் தெரியாததைக் கேட்டு வாங்கக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம். அதற்குப் புத்தகத்தோடு கொஞ்சம் உங்கள் தெருவையும் தெரிந்து வைத்திருங்கள்.

பெனிட்டா அதுவரை எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அண்ணி மீன் வாங்குவதையே நிறுத்தியிருந்தார். காரணம் தெரிந்தும் சட்டியை எடுக்கக் கை வரவில்லை என்பார்.

“அம்மா, அப்ப மீன் குழம்பு மேல தப்பில்லதான?”

“இல்லடி.”

“அப்புறம் ஏன் வைக்க மாட்டேங்குற?”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தெருமுனையில் மீன்காரரின் ஹாரன் சத்தம் கேட்டது. அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

“கெளுத்தி இருக்கா?”